ஆம்பூர் தோலும் நெஞ்சு ஸ்கேனும்: ஜி.என்.ராமச்சந்திரன்

2021 மே மாசம் ஆம்பூர்ல யார்கிட்ட பேசினாலும் முதல் கேள்வியே ஸ்கோர் எவ்வளவுங்கிறதுதான். கிரிக்கெட் ஸ்கோர் இல்ல, நெஞ்சு சி.டி. ஸ்கேன் ஸ்கோர். எங்க பெரியப்பாவுக்கு 25-க்கு 14. முப்பது வருஷமா டேனரியில டிரம் ஓட்டின மனுஷன். ராத்திரியோட ராத்திரியா வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்த ஸ்கேன் அது. அந்த 14-க்கு வீட்ல ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னாங்க. பாதிக்கு மேல போயிடுச்சேன்னு பெரியம்மா அழுதாங்க. அந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு அன்னைக்கு எங்க யாருக்கும் தெரியாது.

மூணாவது வருஷம் இமேஜ் ப்ராசஸிங் லேப்ல ஒரு பதில் கிடைச்சது. மேட்லேப்ல ஸ்கேன் படத்தைத் திரும்பக் கட்டுற ஐராடான் கட்டளைக்கு நாம எதுவும் சொல்லலன்னா, அது தானா எடுத்துக்கிற ஃபில்டரின் பேர் ராம்-லாக். லாக், லட்சுமிநாராயணன். ராம், ராமச்சந்திரன். பெரியப்பா தினமும் கையில தூக்கின தோல் எந்தக் கட்டமைப்புல ஆனதுன்னு உலகத்துக்குச் சொன்னவரும் இதே ராமச்சந்திரன்தான். அவரோட கதை இது.

மின்பொறியியல்ல சேர்ந்த பையன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்துல. கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற பூர்வீக ஊர். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில கணிதப் பேராசிரியர். வீட்லயே கணக்கு ஊறிப்போச்சு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில இயற்பியல் ஆனர்ஸ் முடிச்சிட்டு, 1942-ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். அங்க அவர் சேர்ந்தது நம்ம பக்கம்தான், மின்பொறியியல் துறை. ஆனா அதே வளாகத்துல சி.வி.ராமன் இருந்தார். கொஞ்ச நாள்லயே ராமச்சந்திரன் இயற்பியலுக்கு மாறி ராமனோட மாணவர் ஆயிட்டார். படிகங்கள், ஒளி, எக்ஸ்-கதிர்னு வேலை ஆரம்பிச்சது. 1947-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட டி.எஸ்சி. பட்டம். அப்புறம் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்துல ரெண்டு வருஷம், 1949-ல அங்க ஒரு பிஎச்.டி.

1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். ராமனோட பரிந்துரையில அந்த நாற்காலி ராமச்சந்திரனுக்கு வந்தது. அப்போ அவருக்கு வயசு சுமார் 30. நம்ம சீனியர் அண்ணன்கள் வேலை மாறுற வயசு!

தோல் சொன்ன சேதி

அந்தச் சமயம் சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜனோட அமைப்பு இன்னும் சரியா பிடிபடலன்னு பேச்சுவாக்குல சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடிச்சுக்கிட்டார்.

கொலாஜன்னா என்ன? எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, தோல்தான். பச்சைத் தோலை ஊறவச்சு, சுண்ணாம்புத் தொட்டியில போட்டு, முடியையும் சதையையும் எடுத்துட்டா மிஞ்சுறது பெரும்பாலும் கொலாஜன் நார்தான். அதை அப்படியே விட்டா அழுகிடும். சுமார் 60, 65 டிகிரி சூட்டுல சுருங்கியும் போயிடும். அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய். இப்போ குரோமியம். எதுவானாலும் செய்யுற வேலை, அந்த நார்களை ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடுறதுதான். குரோம் ஏறின தோல் கொதிக்கிற தண்ணியிலயும் சுருங்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் இந்த ஒரு புரதத்தை நம்பித்தான் வாழுது.

ராமச்சந்திரனுக்கு எக்ஸ்-கதிர் படம் எடுக்க நல்ல கொலாஜன் மாதிரி தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்தோட கிண்டி வளாகத்துக்குப் பக்கத்துலயே, அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. 1948-ல தொடங்கினது, நம்ம தோல் பதனிடும் ஊர்களுக்கெல்லாம் தாய்வீடு மாதிரி. அங்கிருந்து கங்காருவோட வால் தசைநாண் கிடைச்சது. நார்கள் ஒரே சீரா அடுக்கியிருக்கிறதால படம் தெளிவா வரும். அவரும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து 1954-ல நேச்சர் இதழ்ல தங்கள் பதிலை வெளியிட்டாங்க. கொலாஜன் மூணு இழை சேர்ந்தது. 1955-ல அதையே திருத்தி, மூணு இழையும் ஒண்ணையொண்ணு கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசீன் இருந்தாத்தான் அந்த முறுக்குக்குள்ள இடம் பத்தும்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ரெண்டு பேரும் இந்த மாதிரியில சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு குறை சொன்னாங்க. முறுக்குல எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புங்கிற விஷயத்துல பிற்பாடு அவங்க கணக்குதான் நிலைச்சது. ஆனா ராமச்சந்திரன் அந்தக் குறையை வச்சே அடுத்த கேள்விக்குப் போனார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எதுக்கு மேல நெருங்கக் கூடாது? சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ரெண்டு பேரோட சேர்ந்து 1963-ல வெளியிட்ட வரைபடம்தான் ராமச்சந்திரன் பிளாட். இன்னைக்கும் எந்தப் புரதத்தோட அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் இந்த வரைபடத்துல வச்சுச் சரிபார்க்காம விடமாட்டாங்க.

நிழல்ல இருந்து உருவம்

1970 வாக்குல அவர் சென்னையை விட்டு பெங்களூர் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அங்கிருந்து 1971-ல வந்ததுதான் ஏ.வி.லட்சுமிநாராயணனோட எழுதின கட்டுரை.

பிரச்சினை இதுதான். சாதாரண எக்ஸ்-ரேங்கிறது நிழல். நெஞ்செலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும். பல கோணத்துல நிழல் எடுத்தா உள்ளே இருக்கிறதைத் திரும்பக் கட்டலாம்னு 1917-லயே ராடான் கணிதத்துல காட்டிட்டார். ஆனா ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பித் தேய்ச்சுவிட்டா படம் புகை மூட்டமா வரும். ஃபூரியே உருமாற்றம் பண்ணித் திரும்ப மாத்தலாம். ஆனா அன்னைய கம்ப்யூட்டருக்கு அது பெரிய பாரம், நடுவுல பிழையும் சேரும்.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் ஃபூரியே பக்கம் போகவே வேண்டாம்னு காட்டினாங்க. திருப்பித் தேய்க்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு நிழலையும் ஒரு சின்ன எண் வரிசையோட கன்வல்யூஷன் பண்ணிடு. நடுவுல 0.25, ரெண்டு பக்கமும் சுமார் −0.101, அடுத்தது 0, அதுக்கடுத்தது சுமார் −0.011. ஒற்றைப்படை இடத்துல மட்டும் கழித்தல், இரட்டைப்படைன்னா பூஜ்யம். அந்தக் கழித்தல்தான் புகை மூட்டத்தை அழிக்குது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ல நாம திட்டிக்கிட்டே போடுற அதே கன்வல்யூஷன்தான்!

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். ரேடியோ வானியல்ல பிரேஸ்வெல், ரிடில் ரெண்டு பேரும் 1967-லயே இதே யோசனைக்கு வந்திருந்தாங்க. மருத்துவப் படத்துக்கு நேரா பயன்படுற வடிவத்துல கொடுத்தது பெங்களூர் கட்டுரை. அதே 1971 அக்டோபர் 1-ல லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்டோட மெஷின் முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தது. அது வேற கணக்கு முறையில ஓடினது. ஆனா அடுத்தடுத்து வந்த மெஷின்கள் கன்வல்யூஷன் வழிக்கு மாறி, பல பத்து வருஷம் அதுலயே நின்னுச்சு. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் போனது. ராமச்சந்திரனுக்கு எந்த நோபலும் கிடைக்கல.

அந்த 14-க்கு என்ன அர்த்தம்?

புகை மூட்டம் போனதுல அழகு மட்டும் இல்ல, அளவும் இருக்கு. ஸ்கேன்ல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு. காற்று −1000, தண்ணி 0. காற்று நிறைஞ்ச நல்ல நுரையீரல் −800 சுத்துப்பட்டுல இருக்கும். வைரஸ் தாக்கி காற்றறைக்குள்ள நீர் கோத்தா அந்த எண் பூஜ்யத்தை நோக்கி ஏறும், படத்துல தேய்ச்ச கண்ணாடி மாதிரி வெளுப்பு தெரியும். நுரையீரல்ல மொத்தம் 5 மடல். ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு பங்கு வெளுத்திருக்குன்னு பார்த்து 0-லிருந்து 5 வரை மார்க். 5 சதவீதத்துக்குக் கீழன்னா 1, 75-க்கு மேலன்னா 5. கூட்டினா 25-க்கு ஒரு நம்பர்.

இத்தாலியில 2020-ல வந்த ஓர் ஆய்வுல 18-ம் அதுக்கு மேலயும் இருந்தவங்களுக்கு உயிராபத்து அதிகமா தெரிஞ்சது. அதனால ஸ்கோர் சும்மா இல்ல. ஆனா அது மட்டுமே தீர்ப்பும் இல்ல. 14-ன்னா 100-க்கு 56 சதவீத நுரையீரல் போச்சுன்னு அர்த்தம் கிடையாது, அது மடல் மடலா போட்ட மார்க்கோட கூட்டல். மூணாவது நாள் எடுத்தா கம்மியா காட்டும், பத்தாவது நாள் வாக்குல உச்சத்துக்குப் போகும். ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு, வயசு என்ன, சர்க்கரை இருக்கா, இதெல்லாம் சேர்ந்துதான் அடுத்து என்ன ஆகும்னு டாக்டர் கணிக்கிறார். பெரியப்பாவுக்கு ஆக்ஸிஜன் 93-க்குக் கீழ இறங்கல. எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ராத்திரி பெரியம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டாங்க.

ராமச்சந்திரன் கடைசி வருஷங்கள்ல நடுக்குவாத நோயால கஷ்டப்பட்டார். 1977-ல ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது, 1999-ல படிகவியலோட உச்ச விருதான எவால்ட் பரிசு வந்தது. 1998-ல மனைவி ராஜலட்சுமி இறந்துட்டாங்க. 2001 ஏப்ரல் 7-ல சென்னையில அவரும் காலமானார். நெஞ்சு ஸ்கேன் தெருப்பேச்சா ஆன 2021-ஐ அவர் பார்க்கல.

பெரியப்பா பிழைச்சிட்டார். மூணு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல வெளுப்பு போயிருந்தது, ஆனா வலை மாதிரி சில கோடுகள் தங்கிடுச்சு. புண் ஆறின இடத்துல உடம்பு போட்ட தழும்பு அது. டாக்டர் அதுக்குச் சொன்ன பேர் ஃபைப்ரோசிஸ். அந்தத் தழும்பு எதுல ஆனதுன்னு நான் தேடிப் பார்த்தேன். கொலாஜன். முப்பது வருஷம் டிரம்ல சுத்தவிட்ட அதே சமாச்சாரம் இப்போ உங்க நெஞ்சுக்குள்ளயும் கொஞ்சம் இருக்கு, அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சவரும் படம் பிடிக்க வழி சொன்னவரும் ஒருத்தர்தான்னு பெரியப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். அவர் எந்த ஊர்க்காரர்னு கேட்டார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வேலை பார்த்தது மெட்ராஸ்லன்னு சொன்னேன். தலையாட்டிட்டு, ரெண்டு மாடி ஏறிப் பார்க்கக் கிளம்பிட்டார். நடுவுல ஒரு தடவைதான் நின்னார்.