கடலடியில் கிடைத்த எண்

'குட்டி இளவரசன்' புத்தகத்தை நம்மில் பல பேர் படித்திருப்போம். நாம் படிக்காவிட்டாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி க்ரியா வெளியிட்ட புத்தகம். அதை எழுதியவர் தொழில்முறை விமானி. யுத்தத்தில் காணாமல் போனவர் எங்கே விழுந்தார் என்பதே சுமார் அறுபது வருஷம் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காட்டிக் கொடுத்தது ஒரு நாலு இலக்க எண். எந்தப் பிரிவில் படித்த இன்ஜினியரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1900 ஜூன் 29-ல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். நாலு வயது நிரம்புவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார். 12 வயதில் அம்பேரியூ மைதானத்தில் முதல் தடவையாக விமானம் ஏறினார். அதோடு பிடித்தது பறக்கும் பைத்தியம். கடற்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார். கொஞ்ச நாள் கட்டடக் கலை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார். 1921-ல் ராணுவ சேவைக்குப் போனபோது விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1923-ல் பாரிஸ் பக்கத்தில் லெ பூர்ஜே விமான தளத்தில் விபத்து. மண்டை ஓட்டில் முறிவு. இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். அப்புறம் ஆபீஸ் வேலை பார்த்தார், லாரி விற்றார். எதுவும் ஒட்டவில்லை.

1926-ல் லாத்தேகோயேர் கம்பெனியில் சேர்ந்தார். துலூஸிலிருந்து டாக்கர் வரை தபால் மூட்டைகளை விமானத்தில் கொண்டு போகும் கம்பெனி. முதலில் பட்டறையில் மெக்கானிக்குகளோடு கையில் கிரீஸ் பூசிக்கொண்டு வேலை செய்ய வைத்தார்கள். 1927-ல் சஹாரா ஓரத்துக் கேப் ஜூபி தளத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். எஞ்சின் நின்று பாலைவனத்தில் இறங்கிவிட்ட விமானிகளைத் தேடிப் போவது, அவர்களைப் பிடித்து வைத்த பழங்குடியினரிடம் பேசி மீட்பது, முடிந்தால் விமானத்தையும் ரிப்பேர் செய்து கொண்டு வருவது, இதெல்லாம் அவர் வேலை. பின்னாளில் அவர் விமானத்தை மற்றவர்கள் தேடி அலையப் போகிறார்கள் என்று அப்போது யார் கண்டார்கள்?

அப்புறம் அர்ஜென்டினாவில் தபால் வழி அமைக்கப் போனார். 1931-ல் இரவு விமானப் பயணம் பற்றிய நாவலுக்கு ஃபெமினா பரிசு கிடைத்தது. 1935 டிசம்பர் கடைசியில் பாரிஸ் - சைகோன் ரிக்கார்டுக்குப் பறந்தபோது எகிப்து - லிபியா பாலைவனத்தில் மோதி விழுந்தார். அவரும் மெக்கானிக் பிரெவோவும் தண்ணீரில்லாமல் நாள் கணக்கில் நடந்து, ஒரு பெதூயின் ஆள் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள். இடையே விமானம் சம்பந்தமாகப் பத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளும் வாங்கினார். ஆக, நம்ம ஆள்தான்!

பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு நியூயார்க் போனார். 'குட்டி இளவரசன்' 1943-ல் அங்கேதான் வெளிவந்தது. அதே வருஷம் மறுபடி யுத்தத்துக்கு வந்துவிட்டார். வயது வரம்பை எப்போதோ தாண்டியாச்சு. பழைய காயங்களால் தலையை நன்றாகத் திருப்பக்கூட முடியாது. பறக்கும் உடுப்பை மாட்டவே இன்னொருவர் உதவி வேண்டும். ஆனாலும் மேலதிகாரிகளை நச்சரித்து அனுமதி வாங்கினார். 1944 ஜூலை 31 காலை எட்டே முக்காலுக்குக் கார்சிகா தீவிலிருந்து கிளம்பினார். லாக்ஹீட் பி-38 வகையில் படம் எடுக்கும் மாடல். காமிரா உண்டு, துப்பாக்கி கிடையாது. எரிபொருள் தீரும் நேரம் தாண்டியும் அவர் திரும்பவில்லை. வயது 44.

1998 செப்டம்பரில் மார்செய் அருகே ரியூ தீவுப் பக்கம் ஒரு மீனவர் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதில் அவர் பெயர், மனைவி கொன்சுவேலோ பெயர், நியூயார்க் பதிப்பகத்தின் விலாசம். இத்தனை பெரிய கடலில் இது எப்படி வலையில் ஏறும், போலியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கண்டெடுத்தவருக்கு நல்ல பெயருக்குப் பதில் தலைவலிதான் மிச்சம். 2000-ல் லூக் வான்ரெல் என்ற முக்குளிப்பவர் அதே பகுதியில், 80 மீட்டர் ஆழம் வரை, பி-38 துண்டுகள் சிதறிக் கிடப்பதாக அறிவித்தார். எடுக்க அரசாங்க அனுமதி வேண்டும். குடும்பத்தார் பக்கம் தயக்கம். கடலே அவருக்குச் சமாதி, கலைக்க வேண்டாமே என்று. அந்த எண்ணத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

2003-ல் அனுமதி கிடைத்துத் துண்டுகளை மேலே கொண்டு வந்தார்கள். அதே பகுதியில் ஒரு ஜெர்மன் விமானத்தின் எஞ்சினும் கிடந்தது. ஆக, கடலடியில் கிடப்பதெல்லாம் ஒரே விமானத்துடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது; ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு சங்கடம், உப்பு நீரில் ஊறிய அலுமினியம். உள்ளே இறங்கிய குளோரைடு, காற்றுப் பட்டதும் அரிப்பை வேகப்படுத்தும். இரும்பு போல்ட் ஒட்டிய இடங்களில் கால்வானிக் அரிப்பு வேறு. அதனால் இப்படிப்பட்ட பாகங்களை உப்புப் போகும் வரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் எழுத்தெல்லாம் போய்விடும்.

சுத்தம் செய்த ஒரு துண்டில் பஞ்ச் அடித்த எண் தெரிந்தது: 2734, பக்கத்தில் எல் என்ற எழுத்து. லாக்ஹீட் கம்பெனியின் தயாரிப்பு எண். ரிக்கார்டைப் புரட்டினால் அது 42-68223 என்ற ராணுவ எண் கொண்ட விமானம். அன்று காலை அவர் ஓட்டிப் போன அதே விமானம். 2004 ஏப்ரலில் உறுதி செய்தார்கள். மீனவர் எடுத்த கைச்சங்கிலியின் மேல் இருந்த சந்தேகமும் அதோடு வலுவிழந்தது. சுட்டு வீழ்த்தினார்களா, எஞ்சின் கோளாறா என்பதற்குத் துண்டுகளில் பதில் இல்லை. 2008-ல் ஒரு முன்னாள் ஜெர்மன் விமானி, நான்தான் சுட்டேன் என்றார். ஊர்ஜிதப்படுத்தும் யுத்தகால ஆவணம் கிடைக்கவில்லை. மீட்ட துண்டுகளை லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 1923-ல் மண்டை உடைந்த அதே லெ பூர்ஜே!

அமெரிக்கத் தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி, ஷிப்ட் முடியும் அவசரத்தில்கூட இருக்கலாம், அந்த எண்ணை ஒழுங்காக அடித்தார். யாரோ ஒரு குமாஸ்தா அதை லெட்ஜரில் ஏற்றினார். அந்த இரண்டு பேர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் செய்த வேலையால்தான் இந்த மனிதர் விழுந்த இடம் உலகத்துக்குத் தெரிந்தது. நம்மில் பல பேர் தினமும் ஹீட் நம்பர், பேட்ச் நம்பர், லாக் புக் என்று கையெழுத்துப் போடுகிறோம். இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அடுத்த தடவை தோன்றினால், 2734-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.