எட்மண்ட் ஆல்பியஸ்

எட்மண்ட் ஆல்பியஸ் (1829 – ஆகஸ்ட் 1880) இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த தோட்டக்கலையாளர் ஆவார். வனிலாப் பூக்களில் கையால் விரைவாக மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை 1841 ஆம் ஆண்டில், தமது 12 ஆவது வயதில் கண்டறிந்தார். வனிலாக் கொடியின் தாயகமான மெக்சிக்கோவுக்கு வெளியே அக்கொடி பெருமளவில் பயிரிடப்படுவதற்கு இம்முறையே அடிப்படையாக அமைந்தது. உலகின் வனிலாத் தோட்டங்களில் இம்முறை இன்றும் பெரிய மாற்றமின்றிப் பின்பற்றப்படுகிறது. எனினும் இக்கண்டுபிடிப்பினால் ஆல்பியஸ் பொருள் ஈட்டவில்லை. அவர் வறுமையிலேயே இறந்தார்.

பிறப்பும் வளர்ப்பும்

எட்மண்ட் 1829 ஆம் ஆண்டு ரீயூனியன் தீவின் வடகிழக்குக் கரையில் அமைந்த செயின்ட் சுசான் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் இத்தீவு பூர்போன் என அழைக்கப்பட்ட பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. கரும்புத் தோட்டங்களே தீவின் பொருளாதாரத்துக்கு முதன்மையானவை. அவற்றில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாசுகரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களது வழித்தோன்றல்களும் வேலை செய்தனர்.

எட்மண்டின் தாய் மெலீஸ் மகப்பேற்றின்போது இறந்துவிட்டார். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லாததால் அவர் எட்மண்ட் என்று மட்டுமே அழைக்கப்பட்டார். பெரியோல் பெல்லியே-போமோன் என்னும் தோட்ட உரிமையாளரிடம் சிறு வயதில் ஒப்படைக்கப்பட்டார். பெல்லியே-போமோன் தாவரவியலில் ஆர்வம் மிக்கவர். அவர் தமது தோட்டத்தைச் சுற்றிவரும்போது சிறுவன் எட்மண்டையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத எட்மண்ட், செடிகளின் பெயர்களையும் பூக்களின் உறுப்புகளையும் இவ்வாறு கேட்டும் பார்த்துமே கற்றார்.

தர்ப்பூசணிக் கொடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனியே பூக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்த்தால் பெண் பூ காயாகும். இதனைப் பெல்லியே-போமோன் எட்மண்டுக்குச் செய்து காட்டியிருந்தார். பின்னாளைய கண்டுபிடிப்புக்கு இப்பயிற்சியே தூண்டுதலாக இருந்தது.

காய்க்காத கொடி

வனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு படர்கொடியாகும். மெக்சிக்கோவின் கிழக்குக் கரையில் வாழும் தொத்தோனாக் மக்கள் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். எசுப்பானியர் இதனை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய பின்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மெக்சிக்கோவே உலகின் முதன்மையான வனிலா வழங்குநராக இருந்தது. கொடியைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசெல்வது கடினமாக இருக்கவில்லை. வெப்பமும் மழையும் நிழலும் கிடைத்த இடங்களில் அது செழித்து வளர்ந்தது, பூக்கவும் செய்தது. ஆனால் காய்க்கவில்லை.

இதற்குக் காரணம் பூவின் அமைப்பாகும். வனிலாப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே தண்டில் அருகருகே உள்ளன. ஆயினும் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக அமைந்துள்ளது. எனவே பூ தன்னிலே தானாக மகரந்தச் சேர்க்கை அடைவது மிக அரிது. மகரந்தமும் தூளாக இராமல் பசைத்தன்மையுள்ள திரளாக இருப்பதால் காற்றினால் பரவாது. மேலும் ஒவ்வொரு பூவும் விடியற்காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மகரந்தம் சேராவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

தாயகத்தில் இப்பணியைத் தேனீக்கள் செய்கின்றன. மெலிப்போனா என்னும் கொடுக்கற்ற தேனீயே இதனைச் செய்கிறது என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆர்க்கிட் தேனீக்கள் எனப்படும் வேறொரு தேனீக் குழுவுக்கே இதில் முதன்மைப் பங்கு உண்டு எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இத்தேனீக்கள் அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே இயற்கையாகக் காணப்படுவதில்லை. பூர்போன் தீவில் வேறு தேனீக்கள் இருந்தபோதிலும் அவை வனிலாப் பூவின் தடுப்பு மடலைக் கடந்து மகரந்தத்தைச் சேர்ப்பதில்லை.

பூர்போன் தீவுக்கு 1819 முதல் 1822 வரையான ஆண்டுகளில் வனிலாக் கொடிகள் கொண்டுவரப்பட்டன. பெல்லியே-போமோனின் தோட்டத்தில் இருந்த கொடியும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காய்க்காமலேயே இருந்தது. இதற்கிடையில் பெல்சியத் தாவரவியலாளரான சார்ல் மோரன் 1836 ஆம் ஆண்டில் லியேஜ் நகரின் கண்ணாடிக் குடிலில் வனிலாவுக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய்களைப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பாரிசிலும் இது செய்யப்பட்டது. ஆனால் இவை ஆய்வுக்கூட முயற்சிகளாகவே நின்றன. வெப்பமண்டலத் தோட்டங்களில் அவை வழக்கத்துக்கு வரவில்லை.

கண்டுபிடிப்பு

1841 ஆம் ஆண்டில் ஒரு நாள் பெல்லியே-போமோன் எட்மண்டுடன் தோட்டத்தில் நடந்து செல்கையில் வனிலாக் கொடியில் இரு காய்களைக் கண்டு வியப்படைந்தார். அவற்றைத் தாமே காய்க்கச் செய்ததாக எட்மண்ட் கூறினார். பெல்லியே-போமோன் முதலில் நம்பவில்லை. சில நாட்களுக்குப் பின் மேலும் காய்கள் தோன்றியதைக் கண்டு, செய்முறையைத் தமக்குக் காட்டும்படி கேட்டார். எட்மண்ட் அவர் முன்னிலையிலேயே ஒரு பூவில் அதனைச் செய்து காட்டினார்.

எட்மண்டின் முறை பின்வருமாறு:

1. காலையில் விரிந்த பூவை ஒரு கையில் பிடித்து, அதன் உதட்டு இதழைக் கீழ்நோக்கி விலக்குதல் அல்லது கிழித்தல்.
2. மெல்லிய மூங்கில் குச்சியால் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் இடையிலுள்ள மடலை மேலே தூக்குதல்.
3. கட்டைவிரலால் மகரந்தத் திரளைச் சூல்முடியின் மீது மெதுவாக அழுத்துதல்.

இதற்குச் சில நொடிகளே தேவைப்படும். பழகிய ஒருவர் ஒரு காலைப் பொழுதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்களை இவ்வாறு சேர்க்க இயலும். சேர்க்கை வெற்றி பெற்றால் பூ உடனே உதிராமல் காம்பிலேயே தங்கிவிடும். அதன் கீழுள்ள சூற்பை நீண்டு காயாகும். காய் முற்றுவதற்கு எட்டு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். பிரெஞ்சு மொழி பேசுவோர் இம்முறையை எட்மண்டின் கைச்செயல் என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிடுகின்றனர்.

பரவல்

பெல்லியே-போமோன் இச்செய்தியைத் தீவின் பிற தோட்ட உரிமையாளர்களுக்கு அறிவித்தார். அவர்கள் எட்மண்டைத் தத்தம் தோட்டங்களுக்கு வரவழைத்து, அங்கிருந்த அடிமைகளுக்குக் கற்பிக்கச் செய்தனர். இதன் விளைவாகத் தீவில் வனிலா வேளாண்மை விரைவாக வளர்ந்தது. ரீயூனியனின் வனிலா ஏற்றுமதி ஏறத்தாழப் பின்வருமாறு உயர்ந்தது:

* 1848 – 50 கிலோகிராம்
* 1858 – 2 டன்
* 1867 – 20 டன்
* 1898 – 200 டன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ரீயூனியன் மெக்சிக்கோவை விஞ்சியது. இம்முறை மடகாசுகர், கொமொரோஸ், சீசெல்ஸ் ஆகிய தீவுகளுக்கும் பரவியது. பின்னர் மடகாசுகர் உலகின் மிகப்பெரும் வனிலா விளைவிப்பாளராக ஆனது. இத்தீவுகளின் வனிலா, ரீயூனியனின் பழைய பெயரைத் தாங்கி இன்றும் பூர்போன் வனிலா என்றே விற்கப்படுகிறது. இந்தியாவில் கேரளம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலும் 2000களின் தொடக்கத்தில், விலை மிக உயர்ந்திருந்தபோது, பலர் வனிலாவைப் பயிரிட்டனர். அங்கும் காலை நேரத்தில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கப்பட்டது.

விடுதலையும் பிற்கால வாழ்வும்

1848 ஆம் ஆண்டில் எட்மண்ட் விடுதலை பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 20 ஆம் நாள் தீவில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டு 60,000க்கும் மேற்பட்டோர் விடுதலை அடைந்தனர். அடிமைகளை இழந்ததற்காக உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்க 1849 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு சட்டம் இயற்றியது. விடுதலை பெற்றவர்களுக்கு எந்த இழப்பீடும் அளிக்கப்படவில்லை.

விடுதலை பெற்றபோது எட்மண்டுக்கு ஆல்பியஸ் என்னும் குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. இது வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை ஒட்டியதாகும். அவர் செயின்ட் சுசானை விட்டுத் தலைநகரான செயின்ட் டெனிசுக்குச் சென்று சமையலறைப் பணியாளராக வேலை செய்தார். அங்கு நகைத் திருட்டு வழக்கொன்றில் சிக்கிச் சிறைத் தண்டனை பெற்றார். தீவுக்கு அவர் ஆற்றிய பணியைக் கருதித் தண்டனையைக் குறைக்க வேண்டும் என ஆளுநரிடம் முறையீடு செய்யப்பட்டது. பெல்லியே-போமோனும் அவருக்காகப் பரிந்து பேசினார். இதன் பயனாகத் தண்டனைக் காலம் முடியும் முன்னரே ஆல்பியஸ் விடுவிக்கப்பட்டார்.

பின்னர் அவர் செயின்ட் சுசானுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு வாழ்ந்தார். அவருக்கு உதவித்தொகை வழங்கக் கோரி வைக்கப்பட்ட வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை. 1880 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செயின்ட் சுசான் மருத்துவமனையில் இறந்தார். தீவு முழுவதையும் வளப்படுத்திய ஒருவர் வறியவராக இறந்ததை அக்காலத் தீவுச் செய்தித்தாளும் சுட்டிக்காட்டியது.

கண்டுபிடிப்பு குறித்த பூசல்

வனிலா வணிகம் வளர்ந்த பின், இம்முறையைக் கண்டறிந்தவர் யார் என்பது குறித்துப் பூசல் எழுந்தது. செயின்ட் டெனிசில் இருந்த அரசுத் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிஷார், தாமே 1838 ஆம் ஆண்டில் சிலருக்கு இதனைக் கற்பித்ததாகவும், சிறுவன் எட்மண்ட் அதனை ஒளிந்திருந்து பார்த்திருக்கலாம் எனவும் கூறினார். அடிமைச் சிறுவன் ஒருவனால் தானே இதனைக் கண்டறிந்திருக்க இயலாது என்னும் எண்ணம் அக்காலத்தில் பலரிடம் இருந்ததால் இக்கூற்று எளிதாகப் பரவியது.

பெல்லியே-போமோன் இதனை உறுதியாக மறுத்தார். 1860களின் தொடக்கத்தில் தீவின் வரலாற்றை எழுதிவந்த ஒருவருக்குக் கடிதம் எழுதி, எட்மண்டே உண்மையான கண்டுபிடிப்பாளர் எனச் சான்றளித்தார். ரிஷார் முன்னரே கற்பித்திருந்தால் 1841 வரை தீவில் வனிலாக் காய்கள் விளையாமல் இருந்தது ஏன் என்பதே எட்மண்டின் பக்கம் நின்றவர்களின் முதன்மை வாதமாகும். 1863 ஆம் ஆண்டளவில் அந்துவான் ரூசேன் வெளியிட்ட கல்லச்சுப் படத்தில் ஆல்பியஸ் வனிலாவுடன் நிற்கும் உருவம் இடம்பெற்றுள்ளது. இன்று ஆல்பியசே இம்முறையைக் கண்டறிந்தவர் எனப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

தோட்டக்கலையில் முக்கியத்துவம்

ஒரு செடியை அதன் தாயகத்திலிருந்து பெயர்த்து வேறொரு வெப்ப நாட்டில் நடும்போது, அதனை நாடிவரும் பூச்சியோ பறவையோ உடன் வருவதில்லை. மண்ணும் மழையும் பொருந்தியிருந்தாலும் அச்செடி காய்க்காமல் போகலாம் என்பதற்கு வனிலா சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் ரீயூனியனிலேயே உள்ளன. இத்தீவில் இயற்கையாக வளரும் ஆங்கிரேக்கம் வகை ஆர்க்கிட்டுகளுள் சிலவற்றுக்குத் தீவின் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் தேனருந்த வந்து மகரந்தம் சேர்ப்பதை 2000களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே வகையைச் சேர்ந்த மற்றோர் ஆர்க்கிட்டுக்கு இரவில் வரும் சிள்வண்டு இனமொன்று இப்பணியைச் செய்வது 2010 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நெடுங்காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்த செடிகளுக்கு அந்நிலத்தின் உயிர்களே துணையாக உள்ளன. பறவைகளையும் தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தோட்டத்துக்கு வரவழைக்க விரும்புவோர் அந்நிலத்துக்கு உரிய செடிகளை நடவேண்டும் என்று கூறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அயல் செடிகளுள் பல உள்ளூர்ப் பூச்சிகளாலேயே காய்ப்பதும் உண்டு. வனிலாவைப் போல அவ்வாறு காய்க்காதவற்றுக்கு மனிதக் கையே தேனீயின் வேலையைச் செய்ய வேண்டியுள்ளது.

வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலின் 1874 ஆம் ஆண்டில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. சந்தையில் உள்ள வனிலா மணப்பொருட்களுள் பெரும்பகுதி இன்று செயற்கையானதே. ஆயினும் மெக்சிக்கோவுக்கு வெளியே விளையும் இயற்கை வனிலாக் காய்களுள் ஏறக்குறைய அனைத்தும் ஆல்பியசின் முறையால் உருவானவை. மெக்சிக்கோவிலும் இயற்கையாகக் காய்ப்பவை மிகச் சிலவே ஆதலால், அங்குள்ள தோட்டங்களிலும் கையாலேயே மகரந்தம் சேர்க்கப்படுகிறது.

நினைவு

செயின்ட் சுசானில் ஆல்பியசுக்கு நினைவுச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. ரீயூனியனில் பள்ளி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் செயின்ட் சுசானிலும் அதன் அண்டை ஊரான செயின்ட் ஆந்திரேயிலும் பெருமளவில் வாழ்கின்றனர். தீவின் கிழக்குக் கரையில் உள்ள இப்பகுதியில் வனிலா இன்றும் பயிரிடப்படுகிறது.