சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

சுப்புலட்சுமி என்ற பெயரைக் கேட்டதும் இசையுலகின் பேரரசியே பெற்றோர் பலரின் நினைவுக்கு வருவார். இங்கு நாம் கூற விழைவது வேறோர் அம்மையாரின் வரலாறு. இவர் பாடகியல்லர், ஆசிரியை.

1886ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரிலே, சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மையாருக்கும் மகளாகப் பிறந்தார். பதினோராவது வயதிலே திருமணம் செய்து வைக்கப்பட்டது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். மாணவச் செல்வங்களே, உங்களுட் பலருக்கு இப்பொழுது அதே வயதுதான்! அக்காலத்து அந்தணர் குலத்தில் இவ்வாறு கணவனை இழந்த சிறுமி, பருவமெய்தியதும் தலைமயிர் களையப்பெற்று, வெள்ளாடை உடுத்து, மங்கல நிகழ்ச்சிகளில் தலைகாட்டாது, பிறர் இடும் சோற்றை உண்டு வாழ்நாளைக் கழித்தல் வேண்டும். இளமையிலே விதவையான சிற்றன்னை வாலாம்பாள் அவ்வீட்டிலேயே இருந்தார். மகளுக்கும் அந்நிலை வருதலைத் தந்தையார் விரும்பவில்லை. உறவினரும் அயலாரும் பழித்தமையைப் பொருட்படுத்தாது மகளைப் படிக்க வைத்தார். 1911ஆம் ஆண்டு சுப்புலட்சுமி பிரசிடென்சிக் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு அவர் அமைதியடைந்திருக்கலாம். ஆனால், தம் தந்தையைப் போன்ற தந்தை வாய்க்காத சிறுமியர் எத்தனை பேர் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1912ஆம் ஆண்டளவில், எழும்பூரில் ஒரு வீட்டில், நான்கே இளம் விதவைகளுடன் தம் பணியைத் தொடங்கினார். சிற்றன்னையும் துணைநின்றார். பெண்கள் பாடசாலைகளின் பரிசோதகராயிருந்த லிஞ்ச் அம்மையாரும் பேருதவி புரிந்தார். அவ்வுதவிக்கு ஒரு காரணமுண்டு. ஆண் ஆசிரியரிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியைகளோ மிக அரிது. வீட்டுக்குப் பாரமென ஒதுக்கப்பட்ட பெண்களே நாட்டுக்குத் தேவையான ஆசிரியைகள் ஆகலாம் என்பதை இவ்விருவரும் கண்டுகொண்டனர். எனவே அவ்வில்லம் வெறும் புகலிடமாக அமையவில்லை. உள்ளே வந்த பெண் ஒருநாள் தன் சம்பளத்துடன் வெளியே செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இடம் போதாமற் போகவே, கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இல்லம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலிற் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க முற்காலத்திற் கட்டப்பட்ட கட்டடம் அது. 1922ஆம் ஆண்டு லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அம்மையாரே அதன் முதல் அதிபரானார். படிப்பு, பயிற்சி, வேலை என மூன்று படிகளும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தன.

குறைகூறியோரும் இருந்தனர். இல்லம் அந்தணப் பெண்களுக்கு மட்டும் உரியதாயிருந்தது. ஆசாரங்கள் அங்கே வழுவாது காக்கப்பட்டன. இக்குறை உண்மையானதே. எனினும் ஆசாரம் குலையுமென்று அஞ்சியிருந்தால் எந்தப் பெற்றோரும் மகளை அனுப்பியிரார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் ஒரு பள்ளி அமைத்தார்.

மற்றுமொரு தடை வயதைப் பற்றியது. அரசின் இல்லத்திலே பதினெட்டு வயதைக் கடந்தவரைச் சேர்க்க விதி இடந்தரவில்லை. இருபது வயதிலே கணவனை இழந்தவள் எங்கே போவாள்? இவர்களுக்காகவே 1927இல் சாரதா வித்தியாலயத்தை அம்மையார் நிறுவினார். இங்கே நோர்வேயிலும் இதையொத்த கேள்வி எழுந்ததுண்டு. வளர்ப்புக் குடும்பத்தில் வளரும் பிள்ளை பதினெட்டு வயதில் சட்டப்படி பெரியவராகிறார். ஆயினும் வாடகைக்கு வீடு பிடிக்கவும், படிப்பை முடிக்கவும், வரவு செலவைக் கவனிக்கவும் துணை வேண்டுமே! அவர் இணங்கினால் நகரசபையின் சிறுவர் நலச் சேவை அத்துணையைத் தொடர்ந்து வழங்கலாம். அவ்வயதெல்லை 2021ஆம் ஆண்டு 23இலிருந்து 25ஆக உயர்த்தப்பட்டது.

அம்மையார் 1950களிலே சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1958இல் பத்மசிறீ விருது பெற்றார். 1969ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் காலமானார். ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. சாரதா வித்தியாலயம் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் தியாகராய நகரிலே இன்றும் நடைபெறுகிறது.