வால் வைக்க மறந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்

விமானத்தைக் கண்டுபிடித்தவரே ஒரு முஸ்லிம்தான் என்ற வாட்ஸ்அப் செய்தி நம் குடும்பக் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. அதில் சொல்லப்படுபவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். அவருடைய உண்மை வரலாறு அந்தச் செய்தியைவிடச் சுவையானது.

தென் ஸ்பெயினின் ரோந்தா பகுதியில் பெர்பர் குடும்பத்தில் பிறந்தவர். குர்துபாவில் உமையா அமீர்களின் அவையில் கவிஞராக இருந்தார். கிழக்கிலிருந்து வந்த கலீல் இப்னு அஹ்மதின் யாப்பு நூல் அந்தலூஸில் யாருக்கும் பிடிபடாதபோது அதன் முடிச்சை அவிழ்த்தவர் இவர்தான். (மத்ரஸாவில் அரூள் பாடத்தோடு மல்லுக்கட்டிய நமக்கு இதுவே பெரிய சாதனை!) கல்லிலிருந்து கண்ணாடி செய்தார். வீட்டு அறை ஒன்றில் நட்சத்திரம், மேகம், மின்னல், இடி எல்லாம் தோன்றும்படி ஒரு வானத்தையே அமைத்தார்.

பிறகு பறக்க முனைந்தார். உடலில் இறகுகளைப் போர்த்தி, இரு இறக்கைகளைப் பூட்டிக்கொண்டு காற்றில் பாய்ந்தார். நல்ல தூரம் சென்றும்விட்டார். இறங்கும்போதுதான் சிக்கல், தரையில் மோதிப் பின்புறத்தில் அடிபட்டது. பறவை வாலைக் கொண்டுதான் இறங்குகிறது என்பதை அறியாமல், வால் வைக்காமல் விட்டுவிட்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ. சரியான காரணம்தான். தரையை நெருங்கும் பறவை வாலை விரித்து, உடலை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்கிறது. இன்றைய விமானத்திலும் தரை தொடுமுன் மூக்கை உயர்த்துவது வாலிலுள்ள அசையும் தகடுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்னு ஃபிர்னாஸ் வஃபாத்தானது 887இல். அல்மக்கரீ மறைந்தது 1632இல். எழுநூறு ஆண்டுக்கும் மேலான இடைவெளி! அறிவிப்பாளர் தொடரை அலசிப் பார்க்கும் மரபில் வந்த நாம் இதைக் கண்டும் காணாமல் போகலாமா? எத்தனை நிமிடம் பறந்தார், எந்த மினாராவிலிருந்து குதித்தார் என்று பரப்பப்படும் விவரங்கள் அல்மக்கரீயிடமும் இல்லை. ஆனால் இப்னு ஃபிர்னாஸை வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் கேலி செய்த சமகாலக் கவிஞர் முஃமின் இப்னு ஸயீதின் பாடலில் இந்தப் பறத்தல் பேசப்படுகிறது. எதிராளியின் கேலி இங்கே சாட்சியாக நிற்கிறது.

நிலவில் ஒரு பெரும்பள்ளத்துக்கு இப்போது இப்னு ஃபிர்னாஸின் பெயர். பாக்தாதில் விமான நிலையம் செல்லும் வழியில் இறக்கை விரித்த சிலை நிற்கிறது. குர்துபாவில் குவாதல்கிவிர் ஆற்றின்மேல் 2011இல் திறந்த பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.