'கிரேஸ் அனாட்டமி' 1872-லேயே தமிழுக்கு வந்தது எப்படி? யார் இந்த டாக்டர் கிரீன்?

எம்.பி.பி.எஸ். முதல் வருஷ மாணவர்கள் யாரைக் கேட்டாலும் 'கிரேஸ் அனாட்டமி' பெயரைச் சொல்வார்கள். 1858-ல் லண்டனில் வெளியான உடற்கூறியல் புத்தகம் அது. வெறும் 14 வருஷத்தில் அது தமிழுக்கும் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்கர்.

யார் இவர்?

1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் பிறந்தவர் கிரீன். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முக்கியக் காரணமாக இருந்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன். தம்பியோ டாக்டருக்குப் படித்துவிட்டு, 1847-ல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மதம் பரப்புவதும் அவர் வந்த நோக்கங்களில் ஒன்று. அதை அவர் மறைக்கவில்லை.

யாழ்ப்பாணம் பக்கத்தில் உள்ள மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது.

ஏன் தமிழுக்கு மாறினார்?

ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. இதுதான் அவர் பார்த்த பிரச்சினை. தமிழில் படித்தவர் ஊரிலேயே இருப்பார் என்று நம்பினார். அதனால் 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

ஆனால் புத்தகம் வேண்டுமே? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என நூல்கள் வரிசையாக வந்தன. மொத்தம் சுமார் 4,000 பக்கங்கள். 'கிரேஸ் அனாட்டமி'யோடு வேறு சில ஆங்கில நூல்களையும் சேர்த்து உருவானதுதான் 1872-ல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்'. இன்று நாம் உடற்கூறியல் என்று சொல்வதற்கு அன்றைய பெயர் அங்காதிபாதம்.

கலைச்சொல் ஏன் முக்கியம்?

எல்லாருடைய உடம்பும் உள்ளே ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு முழங்கை அருகே இரண்டாகப் பிரியும் ரத்தக்குழாய், சிலருக்கு மேல்கையிலேயே பிரிந்துவிடும். கத்தியைக் கையில் எடுப்பவருக்கு இது தெரியாவிட்டால் ஆபத்து. வழக்கமானது எது, மாறுபட்டது எது என்று சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு குழாய்க்கும் எலும்புக்கும் குழப்பமில்லாத பெயர் வேண்டும்.

இதற்கு கிரீன் வைத்திருந்த வழி எளிமையானது. முதலில் தமிழ்ச்சொல் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது இப்படித்தான்.

பிறகு என்ன ஆனது?

60-க்கும் மேற்பட்டவர்களை டாக்டர்களாக்கிய கிரீன், 1873-ல் ஊர் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1884-ல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படியே செய்தார்கள். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் தமிழ் வகுப்பு, அவர் போன சில வருஷத்தில் நின்றுவிட்டது. 1870-ல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளியில் பாடமொழி ஆங்கிலம். வேலையும் பதவியும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தி எம்.பி.பி.எஸ். புத்தகங்கள் வெளியானபோது, தாய்மொழியில் மருத்துவம் சாத்தியமா என்ற விவாதம் திரும்பவும் கிளம்பியது. புத்தகம் எழுத முடியும் என்பதை மானிப்பாய் 150 வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டது. அதைப் படித்தவருக்கு வேலையும் மதிப்பும் கிடைக்குமா என்பதுதான் அன்றைக்கு வகுப்பை நிறுத்திய கேள்வி. இன்றைக்கும் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.