உயிர் காத்த ஐடா அம்மையார்

வேலூர் மருத்துவமனையை அறியாத இல்லம் நம்மிடையே உண்டோ? அதனை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர்.

மருத்துவம் பயிலாத இளம் வயதில் அவர் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஓரிரவில் பிராமணர், முஸ்லிம், முதலியார் என மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தம் இளம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறியும், அந்நிய ஆடவர் தொடலாகாதென மூவரும் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

அத்துயரே அவரை மருத்துவராக்கியது. அமெரிக்காவில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி கண்டார். 1960இல், அன்றைய மதுரை மாவட்டத்துக் கொடைக்கானலில் மறைந்தார்.

சிந்தியுங்கள்! பெண் மருத்துவர் கிட்டாத ஆபத்து வேளையில் ஆண் மருத்துவரை நாட மார்க்கம் அனுமதிக்கிறது. மணமான இளம்பெண்ணுக்குத் திடீரெனக் கடும் அடிவயிற்று வலியும் மயக்கமும் கண்டால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம்; கன்னிப்பெண்ணுக்கும் சூலகம் முறுக்கிக்கொள்ளலாம். காலந்தாழ்த்தாது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் கொண்டுசென்றால், ஸ்கேன் மூலம் கண்டறிந்து அறுவை சிகிச்சையால் காப்பாற்ற இயலும்.

அன்று மறுத்த மூவருள் ஒருவர் நம்மவர் என்பதை மறவாதீர்கள்.