ஏழு ஆண்டுகள் ஆட்டிறைச்சியைத் தவிர்த்த ஜவுளி வியாபாரி

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) என்றதும் தொழுகை, நோன்பு, ஜகாத் சட்டங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அவர்கள் ஒரு ஜவுளி வியாபாரி என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கடைக்குப் போகும்போது அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) இராக்கின் கூஃபா நகரில் பிறந்த நுஃமான் இப்னு ஸாபித்துக்குத் துணி வியாபாரமே குடும்பத் தொழில். கடைத்தெருவே கதியென்று இருந்த இளைஞரை ஷஅபீ (ரஹ்) அவர்கள்தாம் கல்வியின் பக்கம் திருப்பினார்கள். பிறகு ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஆனாலும் கடையை மூடவில்லை. பட்டு கலந்து நெய்த ‘கஸ்’ துணிகள் அங்கே விற்பனையாயின.

கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்துர்ரஹ்மானிடம் ஒருமுறை விற்பனைக்குத் துணிகளை அனுப்பினார்கள். அதில் ஒரு துணியில் குறை இருந்தது. அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்கும்படி கூறியிருந்தார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள்.

வாங்கும் இடத்திலும் அப்படித்தான். ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்க வந்து 100 திர்ஹம் கேட்டார். அது அதைவிட மதிப்புள்ளது என்றார்கள் இமாமவர்கள். அந்தப் பெண் நூறு நூறாக ஏற்றி 400க்கு வந்தும், இன்னும் கூடுதல் என்றார்கள். தம்மைக் கேலி செய்வதாக அவர் நினைத்துக்கொள்ள, விலை தெரிந்த ஒருவரை வரவழைத்து, அவர் மதிப்பிட்டபடி 500க்கு வாங்கினார்கள். பேரம் பேசிக் குறைத்து வாங்குவதைச் சாமர்த்தியமாகப் பேசிக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கவே செய்யும்!

இவற்றையெல்லாம் விட நம்மை யோசிக்க வைப்பது ஆட்டின் சம்பவம். திருடப்பட்ட ஆடு ஒன்று கூஃபாவின் ஆட்டு மந்தையில் கலந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஓர் ஆடு எத்தனை ஆண்டுகள் உயிர் வாழும் என்று விசாரித்தார்கள். ஏழு ஆண்டுகள் என்றார்கள். அந்த ஏழு ஆண்டுகளும் அவர்கள் ஆட்டிறைச்சியைத் தொடவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இது ஊருக்குக் கொடுத்த ஃபத்வா அல்ல, தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பேணுதல். இறைச்சி முறையாக அறுக்கப்பட்டதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, ஆடு யாருடையது என்றும் பார்த்தார்கள்.

நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். பிஸ்கட் பாக்கெட்டில் ஹலால் முத்திரையைத் தேடுகிறோம், நல்லதுதான். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கும் துணியில் என்ன தேடுகிறோம்? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமான ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்களை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஏழைப் பெண்பிள்ளைகளை அழைத்துவந்து, விடுதியில் அடைத்து, மூன்றாண்டு வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் நம் தமிழக நூற்பாலைகளில்தானே நடந்தது?

எல்லாத் துணியையும் துருவி விசாரிப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. ஆனால் எங்கே நெய்தது, யார் தைத்தது என்று கடையில் கேட்கலாம். பதில் சொல்லும் கடைக்கே மறுபடியும் போகலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொள்முதல் செய்யும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற இடங்களும் இருக்கின்றன. பத்து ரூபாய் கூடினால் கூடட்டும்.

கூஃபாவில் அந்தக் கடையில் துணி எடுத்தவர்களின் பணம் எங்கே போனது என்பதும் நமக்குத் தெரியும். லாபத்தில் ஆலிம்களுக்கு உணவும் உடையும் வாங்கிக் கொடுத்து, மீதியையும் அவர்களுக்கே பகிர்ந்தார்கள் இமாமவர்கள். வறுமையால் படிப்பைவிட இருந்த அபூயூஸுஃப் (ரஹ்) என்ற மாணவரைத் தாங்கியதும் அந்தப் பணம்தான். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்தவர் அவரே.

அந்த வருமானம் இருந்ததால் இமாமவர்கள் அரண்மனையின் தயவில் வாழவில்லை. உமையாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி ஏற்கச் சொன்னபோது மறுத்துக் கசையடி பட்டார்கள். பிறகு அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் காழிப் பொறுப்பைக் கொடுத்தபோதும் மறுத்தார்கள். அதற்காகப் பாக்தாதில் சிறை வைக்கப்பட்டு, ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) அந்நகரிலேயே வஃபாத்தானார்கள். கைஸுரான் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பகுதி இன்று அவர்கள் பெயரால் அஃழமிய்யா என்று அழைக்கப்படுகிறது.